பேரீச்சம்பழத்துக்குப் போடுமுன்…

சென்ற மாதம் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். குழம்பை இறக்கி வைத்துவிட்டு, அப்பளம் பொரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கொண்டிருந்தேன். தெருவில் அந்தக் குரல் கேட்டது. "பழைய இரும்பு, பழைய பேப்பர், பிளாஸ்டிக், பழைய பேட்டரி, பழைய சைக்கிள்…"

முன்பெல்லாம் இந்தக் குரலுக்கு உடையவர் தலையில் கூடையோடு நடந்து வருவார். ஓட்டைக் குடத்தைக் கொடுத்தால் ஒரு பிடி பேரீச்சம்பழம் கிடைக்கும். வீட்டுப் பெரியவர்கள் ஏதோ பெரிய பொக்கிஷத்தைக் களவு கொடுத்துவிட்டது போல் நம்மைத் திட்டுவார்கள். பழத்தை மட்டும் மிச்சம் வைக்க மாட்டார்கள். இப்போது சின்ன லாரி ஒன்று வருகிறது. ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் தானாகக் கத்துகிறது. பேரீச்சம்பழமும் இல்லை, பேச்சு வார்த்தையும் இல்லை. தராசில் வைக்கிறார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று நோட்டை நீட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டு நடையில் அப்பாவின் சைக்கிள் சாத்தி வைத்திருக்கிறது. அப்பா 1998-ல் காலமானார். அன்றிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. சென்னையில் இருக்கும் என் தம்பிக்கு அதைக் கண்டாலே ஆகாது. "அக்கா, அந்தத் துருப்பிடித்த சனியனை முதலில் தூக்கிப் போடு. அம்மா ராத்திரியில் எழுந்து போகும்போது அதில் இடித்துக் கொள்ளப் போகிறாள்" என்று போனில் பேசும்போதெல்லாம் சொல்வான். அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு நானும் துணிந்து, லாரிக்காரரைக் கூப்பிட வாசலுக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் அம்மா எழுந்து போய், சைக்கிள் ஹேண்டில்பாரின்மேல் கையை வைத்துக் கொண்டு நிற்கிறாள். தொண்ணூறு வயது. ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து அப்பளத்தைப் பொரித்தேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சைக்கிள் இருக்கக்கூடும். மாமனாருடையதோ, தாத்தாவுடையதோ, மாடிப்படிக்கு அடியில், பழைய ஆட்டுக்கல்லுக்கும் உடைந்த தொட்டிலுக்கும் நடுவில். அதற்கு விலை உண்டா, உண்டென்றால் எவ்வளவு, யாருக்கு என்ற கேள்வி என்னை ஒரு மாத காலம் அலைக்கழித்துவிட்டது. அலைந்து திரிந்து தெரிந்து கொண்டதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர் வாசலில் வந்து உட்காருவார், பார்த்திருப்பீர்கள். நீங்கள் பெட்டியைத் திறந்து, "இது என் கல்யாணப் புடவை, இது சீமந்தத்துக்கு எடுத்தது" என்று சொல்லிக் கொண்டே போவீர்கள். அவர் காதில் ஒன்றும் விழாது. முந்தானையைப் புரட்டி ஜரிகையை மட்டும் பார்ப்பார். எடைக்கு எடை. அதே புடவையை, அந்தக் காலத்து நெசவின் அருமை தெரிந்த ஒருத்தி பார்த்தால் கரையைப் பார்ப்பாள், பேட்டைப் பார்ப்பாள், சாயத்தைப் பார்ப்பாள். வேறு விலை சொல்வாள். சைக்கிளும் அப்படித்தான். இரும்புக் கடைக்காரருக்கு அது சுமார் இருபது கிலோ இரும்பு. அந்தக் கணக்கில் வரும் பணம், குடும்பத்தோடு ஒரு வேளை ஹோட்டலில் பிரியாணி சாப்பிட்டால் தீர்ந்து போகும். அதுவும் எங்கள் திண்டுக்கல் பிரியாணி என்றால் பாதியிலேயே தீர்ந்துவிடும்!

அதற்காக, மாடிப்படிக்கு அடியில் புதையல் இருக்கிறது என்று நினைத்து நகைக்கடைப் பக்கம் நடக்க வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூறு பழைய சைக்கிள்கள், என் அபிப்பிராயத்தில், ஓட்டுகிறவருக்கு மட்டுமே உபயோகமான பொருள்கள். காரணம் எளிது. லட்சக்கணக்கில் செய்து தள்ளியதை யார் பொத்திப் பொத்திச் சேர்ப்பார்கள்? லூதியானாவில் 1956-ல் ஆரம்பித்த ஹீரோ கம்பெனி, உலகத்திலேயே அதிகமாகச் சைக்கிள் செய்கிற கம்பெனி என்று 1986-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. நமது சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில், முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் நிரப்பியது. இவையெல்லாம் உழைப்பில் சிங்கங்கள். ஆனால் அபூர்வம் என்று சொல்ல முடியாது.

கம்பெனி மூடிப் போனால் விலை ஏறிவிடும் என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. அட்லஸ் கம்பெனி சோனிபட்டில் 1951-ல் தொடங்கியது. அதன் கடைசித் தொழிற்சாலையை 2020-ம் ஆண்டு ஜூன் 3-ம் தேதி மூடினார்கள். அன்றைக்கு உலக சைக்கிள் தினம்! விதியின் வேடிக்கையைப் பாருங்கள். உடனே எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தம் அட்லஸ் சைக்கிளைத் துடைத்து, போர்வை போட்டு மூடிவிட்டார். இன்னும் ஒருவரும் வந்து கேட்கவில்லை. ஊரெல்லாம் அட்லஸ் ஓடிக் கொண்டிருக்கும்போது யார் வந்து கேட்பார்கள்?

அப்படியானால் எதற்குத்தான் மதிப்பு? முதலில் முன்பக்கம், ஹேண்டில்பாருக்குக் கீழே, குழாயின்மேல் பதித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். எங்கள் அப்பாவின் சைக்கிளில் ஒரு பறவைத் தலை. சின்ன வயதில் எங்களுக்கு அது கொக்கு. "கொக்கு வண்டி" என்றுதான் பெயர். இப்போதுதான் தெரிகிறது, அது நாரை. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்து ராலே கம்பெனியின் முத்திரை. செயின் ஓடுகிற பல்சக்கரத்திலும் நாரைத் தலைகளை வெட்டி வைத்திருப்பார்கள். மூன்று துப்பாக்கிகளைச் சாத்தி வைத்தாற்போல் இருந்தால் பி.எஸ்.ஏ.; அந்தக் கம்பெனி பர்மிங்காமில் துப்பாக்கி செய்து கொண்டிருந்துவிட்டுச் சைக்கிளுக்கு வந்தது. கை ஒன்று விரித்திருந்தால் ரட்ஜ். பல்சக்கரத்தில் ஐந்து மனிதர்கள் ஓடுவது போல் இருந்தால் ஹம்பர். ரட்ஜும் ஹம்பரும் இங்கே ராலேயைவிட அபூர்வம். கண்ணில் பட்டால் லாரிக்காரரைக் கூப்பிடாதீர்கள்.

பிறகு, எங்கே செய்தது என்பது. ராலே என்று இருந்தாலே சீமைச் சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது. வங்காளத்தில் ஆசன்சாலில் சென்-ராலே என்ற கம்பெனி இதே பெயரில் நம் நாட்டிலேயே செய்தது. 1950-களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக இறுக, சீமை வண்டி குறைந்து உள்நாட்டு வண்டி பெருகியது. தகட்டில் நாட்டிங்காம், இங்கிலாந்து என்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உள்நாட்டு வண்டி மட்டம் என்று நான் சொல்லவில்லை. சேகரிக்கிறவர்கள் இரண்டுக்கும் ஒரே விலை கொடுப்பதில்லை, அவ்வளவுதான். நாட்டிங்காமிலேயே 2002-ல் சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

தகட்டைத் துலக்கி எழுத்தைப் படிக்கிறேன் என்று புளியையும் சாம்பலையும் எடுத்துக் கொண்டு கிளம்பிவிடாதீர்கள்! குத்துவிளக்குக்குச் செய்கிற உபசாரம் இதற்கு ஆகாது. தகட்டில் இருக்கும் வர்ணம் போய்விட்டால் போனதுதான். தேங்காய் எண்ணெயில் நனைத்த பழைய மல் துணி போதும். பெயிண்டு விஷயமும் இதேதான். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புதுப் பச்சை பெயிண்டு அடிக்கும் வழக்கம் எங்கள் தெருவில் ரொம்ப உண்டு. சந்தனம் குங்குமத்தோடு பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் கறுப்பு வண்டியில் கம்பெனியார் கையால் இழுத்த பொன் கோடுகள் இருந்தால், அவை பாதி அழிந்திருந்தாலும், புதுப் பெயிண்டைவிட அவற்றுக்குத்தான் மதிப்பு. ஒரு விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். பழனி மலைக்கும் சிறுமலைக்கும் நடுவில் காய்ந்து கிடக்கும் சமவெளி இது. கடல் காற்று இல்லை. சென்னையில் பத்து வருஷத்தில் தின்றுவிடும் துரு, இங்கே ஐம்பது வருஷமானாலும் மேலாகத்தான் படிந்திருக்கிறது. காற்று காப்பாற்றியதை முள் விட்டு வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேடசந்தூர்ப் பக்கம் போய் வந்தவர்களைக் கேட்டால், கருவேல முள்ளும் பஞ்சர் கடையும் பங்காளிகள் என்பார்கள்.

இப்போது என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாறு வருஷங்களுக்கு முன்னால் ஒருவர் வந்தார். மிக மரியாதையான மனிதர். தண்ணீர் வாங்கிக் குடித்தார். அம்மாவை நமஸ்கரித்தார். "முழு வண்டி எனக்கு எதற்கு, அம்மா? இந்தத் தோல் சீட்டும் முன் விளக்கும் இருந்தால் போதும். எண்ணூறு ரூபாய் தருகிறேன்" என்றார். சீட்டின் தோல் கறுத்து, நடுவில் குழி விழுந்து, எருமைத் தோல் மாதிரி இருந்தது. விளக்கு எரிந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். இதற்கு எண்ணூறு ரூபாயா என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு. அந்தப் பணத்தில் மிக்ஸிக்கு ஜார் வாங்கினேன். அந்த ஜாரும் இப்போது ஒழுகுகிறது.

அந்தச் சீட்டு புரூக்ஸ் கம்பெனியின் சீட்டு. பர்மிங்காமில் 1866-ல் ஆரம்பித்த கம்பெனி. (எங்கள் திண்டுக்கல் முனிசிபாலிட்டியும் அதே 1866-தான், ஆனால் புரூக்ஸ் சீட்டு முனிசிபாலிட்டி ரோட்டைவிட நன்றாக உழைத்திருக்கிறது.) இன்றைக்குப் புதிதாக ஒரு புரூக்ஸ் தோல் சீட்டு வாங்கப் போனால், நாம் வீட்டுக்கு வாங்குகிற சாதாரணப் புதுச் சைக்கிள் முழுவதற்கும் ஆகும் விலையைவிட அதிகம் கேட்கிறார்கள். விளக்கோ, லூக்காஸ் விளக்கு. உலகமெங்கும் அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வந்த மனிதர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. தோல் பதனிடும் ஊரில் பிறந்து, பேகம்பூர்ப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக் கொள்ளும் நான், தோலின் அருமையை ஒரு வெளியூர்க்காரரிடம் கோட்டை விட்டேன்!

ஆகவே முழுச் சைக்கிளை விலை பேசுவதற்கு முன்னால் உறுப்பு உறுப்பாகப் பாருங்கள். முதலில் தோல் சீட்டு. அதற்கு எண்ணெயை வார்த்து ஊற வைத்துவிட்டால் தொய்ந்து போகும். துணியால் துடைத்து, வெயிலிலும் மழையிலும் படாமல் வைத்தாலே போதும். அடுத்தது மணி, பித்தளை மணியின் மூடியில் பெயர் பொறித்திருக்கும். டைனமோ விளக்கு, அதற்கும் முந்திய கார்பைடு விளக்கு எதையும் தூக்கி எறியாதீர்கள். முழுச் செயின் கவர் உள்ளே எண்ணெயோடு அப்படியே இருந்தால், செயினும் பல்சக்கரமும் புதிதாகவே இருக்கும். பின்சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்று பெயர் தெரிந்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்று வேகம் மாற்றும் கருவி அது. அதன் உடம்பிலேயே செய்த வருஷமும் மாதமும் எண்களாகக் குத்தியிருக்கும். ஜாதகம் கையிலேயே எழுதியிருக்கிற மாப்பிள்ளை மாதிரி! எங்கள் கொக்கு வண்டியில் அது இல்லை. சமவெளியில் பள்ளிக்கூட வாத்தியாருக்கு மூன்று வேகம் எதற்கு?

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. அப்பாவின் மேஜை டிராயரில் ஒரு தகரப் பெட்டி நிறையச் சின்னச் சின்ன உலோக வில்லைகள் இருந்தன. முன்பு முனிசிபாலிட்டியும் பஞ்சாயத்தும் சைக்கிளுக்கு வரி போட்டு, வருஷா வருஷம் வில்லை கொடுப்பார்கள். வில்லை இல்லாமல் ஓட்டினால் வழியில் மறித்துப் பிடிப்பார்கள். வருஷத்துக்கு வருஷம் வடிவம் மாறும், தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் அல்லவா? இப்போது நாணயம், தபால்தலை சேர்ப்பவர்கள் இந்த வில்லைகளையும் சேர்க்கிறார்கள். தனித்தனியாக விற்றால் சில்லறைதான். ஒரே சைக்கிளுக்கு ஒரே குடும்பத்தில் வரிசையாக இத்தனை வருஷம் கட்டிய வில்லைகள் என்றால், அது அந்தச் சைக்கிளின் சரித்திரம். ரசீதும் அப்படியே. வாங்கிய கடையின் பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். சட்டத்தின் எண், சீட்டுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்திலோ பெடல் அச்சுக்கு அடியிலோ குத்தியிருக்கும். பில்லில் உள்ள எண்ணோடு அது ஒத்துப் போனால் வாங்குகிறவருக்குத் தைரியம். விற்கும்போதும், அந்த எண்ணை எழுதி ஒரு சீட்டுக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக் கொள்ளுங்கள். சைக்கிள் களவு பழைய வியாதி. நாளைக்கு யாராவது வந்து கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

யாருடைய சைக்கிள் என்பதற்கும் விலை உண்டு. 2009-ம் ஆண்டு நியூயார்க்கில் சதபீஸ் ஏலக் கம்பெனியில் ஒரு சைக்கிள் ஐந்து லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று! லான்ஸ் ஆர்ம்ஸ்டிராங் என்ற பந்தய வீரர் ஓட்டியது. டேமியன் ஹர்ஸ்ட் என்ற ஓவியர் அதன் சட்டத்திலும் சக்கரத்திலும் உண்மையான பட்டாம்பூச்சிச் சிறகுகளை ஒட்டி அலங்கரித்திருந்தார். பட்டாம்பூச்சிகளைக் கொன்றதற்காகப் பிராணிகளிடம் அன்பு கொண்டவர்கள் கூச்சல் போட்டார்கள். பணம் புற்றுநோய்ப் பணிக்குப் போயிற்று. பிறகு 2012-ல், அந்த வீரர் ஊக்க மருந்து சாப்பிட்டுத்தான் ஜெயித்தார் என்று அவருடைய பிரான்ஸ் தேசத்துப் பட்டங்கள் ஏழையும் பறித்துவிட்டார்கள். வாங்கியவர் அந்தச் சைக்கிளை இப்போது எந்த மனத்தோடு பார்க்கிறாரோ! நம் அப்பாமார் ஓட்டிய வண்டிக்கு அந்தப் பயம் இல்லை. அவர்கள் சாப்பிட்டதெல்லாம் பழைய சோறும் ஊறுகாயும்தான்.

பெண்கள் ஓட்டும் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நீங்கள் கோபித்துக் கொள்வீர்கள். நடுவில் தண்டு இல்லாத லேடீஸ் சைக்கிள் நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் அபூர்வம். டாக்டரம்மா, நர்ஸம்மா, டீச்சரம்மா என்று எண்ணி விடலாம். அப்படியானால் விலை அதிகம் இருக்க வேண்டுமே என்கிறீர்களா? வெளிநாடுகளில் சேகரிப்பவர்கள் ஆண்கள் சைக்கிளுக்குக் கொடுப்பதைவிடப் பெண்கள் சைக்கிளுக்குக் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள். சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வேறு என்ன காரணம் சொல்வது? எனக்கு இது சற்றும் நியாயமாகப் படவில்லை. ஆனால் வாங்க நினைக்கிற சகோதரிகளுக்கு இது லாபம்தான்.

புதுக்கோட்டை ஜில்லாவில் 1991, 92-ல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம். அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றுக் கொள்ள வந்த பெண்கள் சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள். குவாரியில் கல் உடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், ஆயிரமாயிரம் பேர். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்து போயிற்று. உடனே ஆண்கள் சைக்கிளை எடுத்துக் கொண்டு ஓட்டினார்கள். சிலர், அதுதான் சௌகரியம், நடுத்தண்டில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்றார்கள்! எந்தக் கம்பெனி விளம்பரக்காரருக்கும் தோன்றாத யோசனை இது. பத்து வருஷம் கழித்து, 2001-02-ல், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு அரசாங்கமே இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிற்று. 2005-06-ல் திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பழைய சைக்கிளைத் தேடி வரும் பள்ளிப் பிள்ளைகள் அதோடு குறைந்துவிட்டார்கள் என்று எங்கள் தெருக் கோடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் சொல்கிறார். அவருக்கு அதில் நஷ்டம். ஆனால் தம் பேத்திக்குக் கிடைத்த சைக்கிளை அவர் துடைக்கிற அழகைப் பார்க்க வேண்டும்!

பழைய சைக்கிளை யார்தான் வாங்குகிறார்கள்? சேகரிப்பவர்கள் சிலர், அவர்கள் நிதானமாகக் கேட்பார்கள், நிறையக் கேள்வி கேட்பார்கள். சினிமாவுக்கும் சீரியலுக்கும் சாமான் சேர்ப்பவர்கள் உண்டு. வாடகைச் சைக்கிளையும் அதற்காக ஏங்கும் பையனையும் வைத்து 2024-ல் "குரங்கு பெடல்" என்று ஒரு படமே வந்ததே! மலையடிவார ஹோட்டல்காரர்கள் வாங்கி, வெள்ளை பெயிண்டு அடித்து, கேரியரில் பூந்தொட்டி வைத்து வாசலில் நிறுத்துகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உங்களுக்கு அழகாகத் தோன்றலாம். கடைசியாக, உண்மையிலேயே ஓட்டுகிறவர்கள். அவர்களை மறந்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளின் மகன், விடியற்காலையில் பூ மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி இறக்குகிறான். "அம்மா, அந்த வண்டியை இரும்புக்குப் போடறதுன்னா எங்கிட்டச் சொல்லுங்க. அந்தக் காசை நானே குடுத்துடறேன். இப்ப வர்ற வண்டியில மூட்டை வச்சா கேரியர் நெளிஞ்சிடுது" என்றாள். வாஸ்தவம்தான். பழைய வண்டியின் கனமான குழாயும் இரும்புக் கேரியரும் சுமைக்கென்றே செய்தவை. இருபத்தெட்டு அங்குல டயரும் டியூபும் இன்றைக்கும் எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கின்றன. எழுபது வருஷத்துச் சாமானுக்கு உதிரிப் பாகம் கிடைக்கிறதென்றால் வேறு எதற்கு அப்படிக் கிடைக்கும், சொல்லுங்கள். போன வருஷத்து மிக்ஸிக்கு ஜார் கிடைக்கவில்லை!

அதே வாரம் கோயமுத்தூரிலிருந்து சேகரிப்பவர் ஒருவரும் வந்து பார்த்தார். நாரைத் தகட்டைப் பார்த்தார். பொன் கோட்டைப் பார்த்தார். சக்கரக் கம்பிகளை எண்ணினார். முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் நாற்பது, சரியாக இருந்தது. வில்லைகளைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான் சுற்றி வைத்திருந்த சாக்கைப் பார்த்து, "சீட்டும் விளக்கும் இருந்திருந்தால்…" என்று ஆரம்பித்து, என் முகத்தைக் கண்டு நிறுத்திக் கொண்டார். அப்படியும் அவர் சொன்ன தொகை, தம்பியைப் போனில் ஒரு நிமிஷம் வாயடைக்க வைத்தது. "அக்கா, அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே. இன்னும் ஒருவரிடம் விசாரிக்கலாம்" என்றான். ஒரு மாதத்தில் சனியன் குபேரனாகிவிட்டது!

அன்று ராத்திரி அம்மா பேசினாள். இத்தனை வருஷத்தில் சொல்லாததை, வெற்றிலை இடித்துக் கொண்டே சொன்னாள்.

அப்பாவுக்கு வேலை சின்னாளபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். தினம் போக ஒரு பத்து, வர ஒரு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தோல் மண்டி ஆபீஸில் இருந்த ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது விற்ற சைக்கிளை 1958-ல் இரண்டாம் கையாக வாங்கினார். அந்தக் காலத்தில் சைக்கிள் என்றால் லேசா? மாப்பிள்ளை வீட்டார் கைக்கடிகாரம், சைக்கிள் என்று பெயர் சொல்லிக் கேட்ட காலம். வீட்டில் நகைக்கு அடுத்தபடி கைமாற்றுக் கொடுக்கக் கூடிய சொத்து அதுதான். 1963-ல் எனக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டேன். குளோரோமைசிடின் மாத்திரை வாங்கப் பணம் வேண்டும். அம்மாவின் வளையல்கள் முன்பே அடகுக் கடைக்குப் போயிருந்தன. அப்பா சைக்கிளைத் தெரிந்த கடையில் நிறுத்திவிட்டு அறுபது ரூபாய் வாங்கி வந்தார். மூன்று மாதம் காலையில் பஸ். சாயங்காலம் பஸ் காசை மிச்சம் பிடிக்க நடை. "கேட்டா, வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கும்பார். நீ கட்டில்ல படுத்துக்கிட்டு, கொக்கு வண்டி எப்ப வரும், கொக்கு வண்டி எப்ப வரும்னு அவரை அரிச்சுப்புடுவே" என்றாள் அம்மா. கடைக்காரர் அதைப் பிறத்தியாருக்கு விற்காமல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாராம். தம்பியின் கல்லூரிச் சம்பளத்துக்காக இன்னொரு தடவையும் அது போய் வந்திருக்கிறது. இது தம்பிக்கும் தெரியாது.

"ரெண்டு தரம் போயிட்டு வந்த வண்டிதானே, மூணாந்தரமும் போகட்டும்" என்றாள் அம்மா. "ஆனா இந்தத் தரம் யாரும் மீட்கப் போக வேண்டாம். அந்த மூட்டை தூக்கற பையனுக்கு ஒரு வண்டி வாங்கிக் குடுத்துட்டு மிச்சத்தை ரெண்டு பேரும் எடுத்துக்குங்க."

பையனுக்கு வண்டி பார்த்தாகிவிட்டது. ஓவராயில் செய்த பழைய ஹெர்குலிஸ், கெட்டியான கேரியர். தம்பியும் தலையாட்டிவிட்டான். போனில் அவன் தலையாட்டுவது எனக்குத் தெரியும். ஆனால் காரியம் இன்னும் முடியவில்லை. பின்சக்கரத்தில் சங்கிலியைச் சுற்றி அப்பா போட்ட பூட்டு அப்படியே இருக்கிறது. திண்டுக்கல் பூட்டு! கையால் அராவி, நெம்பு நெம்பாக அடுக்கிச் செய்தது. 2019-ல் இந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. அதற்குள் அலிகார் பூட்டு வந்து எங்கள் பட்டறைகளில் பாதியை மூட வைத்துவிட்டிருந்தது. சாவியை அப்பா அரைஞாணில் முடிந்து வைத்திருந்தார். கடைசியில் எங்கே போயிற்றோ, தெரியவில்லை.

சைக்கிள் கடைக்காரர் ரம்பத்தோடு வந்தார். "பூட்டை அறுக்கக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். கோயமுத்தூர்க்காரரோ, பூட்டும் சேர்ந்து வந்தால் இன்னும் கொஞ்சம் கொடுக்கத் தயார் என்கிறார். வண்டி போகட்டும், பூட்டு போகாது என்கிறாள் அம்மா. நாகல் நகர்ப் பக்கம் விசாரித்து ஒரு பூட்டுப் பட்டறைக்காரரைப் பிடித்தேன். எண்பது வயதை நெருங்குபவர். படத்தைப் போனில் பார்த்துவிட்டு, "இது எங்க சித்தப்பா பட்டறை வேலை மாதிரி இருக்கே" என்றார். சாவி அராவ ஒரு நாள் பிடிக்குமாம். புதன்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.